மலடி என்னும் சொல்லும் ஒரு சிரையின் வரலாறும்

கெமாசிலிருந்து பகாவ் வரையிலான இருப்புப்பாதை 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை முடிவுற்றதும் அவ்வாண்டிலேதான். பின்னர் கங்காணிகள் வழியே வந்த தமிழர், இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் மெல்ல மெல்லக் குடும்பமாக வேரூன்றினர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பேறுகால உதவித்தொகைக்கு வழிசெய்தது. பால்வெட்டச் செல்லும் தாயின் பிள்ளைக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. பிள்ளையே பிறவாதபோதோ, காரணம் பெண்ணிடமே தேடப்பட்டது.

நம் மொழியும் அதற்குத் துணைநின்றது. மலடன் என்னும் சொல் அகராதியில் உண்டு. வழக்கில் நிலைத்தது மலடி மட்டுமே. கோயில் மரத்தில் தொட்டில் கட்டியவளும் அவளே, மறுமணப் பேச்சைக் கேட்டு ஒடுங்கியவளும் அவளே.

விதைப்பையின் சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்ளும் நிலையை மருத்துவர் வேரிகோசீல் என்பர். உரோமானியரான செல்சசு முதலாம் நூற்றாண்டிலேயே இதனை விவரித்துள்ளார். இடப்புறச் சிரை நீண்டு சென்று சிறுநீரகச் சிரையிற் செங்குத்தாகச் சேர்வதால், இது பெரும்பாலும் இடப்புறமே தோன்றும். குருதி தேங்க வெப்பம் மிகும், விந்தணு நலியும். எடின்பரோ மருத்துவர் டுல்லாக் 1950களில் வெளியிட்ட கட்டுரைகளே, இச்சிரைகளைக் கட்டினால் விந்தணு பெருகக்கூடும் என்பதை உலகறியச் செய்தன. ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு இந்நிலை உண்டு. பிள்ளைப்பேறு வாய்க்காத ஆண்களிலோ மூவரில் ஒருவருக்கு மேல்.

அடுத்து வந்த வரலாறு, வெட்டு சிறுத்த வரலாறு. 1978இல் மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி உள்ளிருந்தே அதனை அடைக்கும் முறை அறிவிக்கப்பட்டது. 1985இல் அமெரிக்க மருத்துவர் மர்மார், தொடையிடுக்கருகே சிறு கீறலிட்டு, நுண்ணோக்கியின் துணையால் தமனியைக் காத்துச் சிரைகளை மட்டும் கட்டும் முறையை விளக்கினார். லேப்பரோஸ்கோப்பி முறையும் தொடர்ந்தது. இப்புடைப்பு உள்ளோர் பலர் தந்தையராகவே இருப்பதால், அனைவருக்கும் அறுவை வேண்டியதில்லை. விந்தணு உருவாக இரண்டரைத் திங்கள் அளவு ஆகுமாதலின், பயனறியவும் பொறுமை வேண்டும்.

கத்தி சிறுத்துவிட்டது, தயக்கம் சிறுக்கவில்லை. விந்துச் சோதனை எளியது, வலியற்றது. ஆயினும் மனைவி பல சோதனைகளைக் கடந்த பின்னரே கணவர் அதற்கு இசைகின்றார். பிள்ளைப்பேறின்மை வேறு, ஆண்மைக்குறை வேறு. இவ்விரண்டையும் நம் பேச்சு பிரித்தறியும் நாளில் ஆணின் நாணம் குறையும்; பெண்ணின் மேல் நூறாண்டாய் ஏற்றிய பழியும் இறங்கும்.