தோன்றியது யாருக்கு? சதுரங்கப் பயணங்கள் குறித்துச் சில எண்ணங்கள்

எங்கள் ஆய்வாளர் விடுதியில் தங்கியிருக்கும் முதுகலை மாணவர் ஒருவர் சென்ற மாதம் வேறொரு மாநிலத்தில் நடந்த விரைவுச் சதுரங்கப் போட்டிக்குச் சென்று திரும்பினார். முன்பதிவு இல்லை, பொதுப்பெட்டியில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவையே அதிகம். எதற்காகப் போனாய் என்று கேட்டபோது அவர் சொன்ன விடை: “தோணுச்சு, கிளம்பிட்டேன்.”

மொழியியல் படித்தவர்கள் இந்த விடையைக் கேட்டுச் சற்று நின்றுவிடுவார்கள். ‘கிளம்பிட்டேன்’ என்பதற்கு எழுவாய் ‘நான்’. ‘தோணுச்சு’ என்பதற்கு அவ்வாறில்லை; ‘எனக்குத் தோன்றியது’ என்று நான்காம் வேற்றுமையில்தான் அங்கே ‘நான்’ இடம்பெறும். எண்ணம் வந்து சேர்கிறது. அது எவரிடம் வந்து சேர்ந்ததோ அவரே புறப்படுகிறார். தோன்றியவரும் புறப்பட்டவரும் ஒருவரே என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். சதுரங்கத்தின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இயல்பு அப்படியொன்றும் பொதுவானது அன்று என்பது புலப்படும். ஒருவருக்குத் தோன்ற, மற்றொருவர் புறப்பட்ட பயணங்களும் அங்கே உள்ளன. இந்தியாவின் சதுரங்க வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இரண்டு பயணங்கள் அத்தகையவை.

முதலில், தனக்குத் தோன்றித் தானே புறப்பட்டவர் ஒருவரைப் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த பால் மார்ஃபி 1857இல் நியூயார்க்கில் நடந்த முதல் அமெரிக்கச் சதுரங்க மாநாட்டில் வென்றார். அதே ஆண்டு சட்டப் படிப்பையும் முடித்திருந்தார். ஆனால் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கும் வயது அவருக்கு இன்னும் வரவில்லை. கையில் நேரம் இருந்தது. வீட்டில் செல்வம் இருந்தது. இங்கிலாந்தின் ஹோவர்ட் ஸ்டான்டனை நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து ஆடுமாறு அழைத்தார்கள். தொலைவைக் காரணம் காட்டி அவர் மறுத்தார். 1858 ஜூனில் மார்ஃபியே கப்பலேறிவிட்டார். ஸ்டான்டனுடன் ஆட்டம் கடைசிவரை நடக்கவில்லை. மாறாக, அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸில் ஜெர்மானியரான அடால்ஃப் ஆண்டர்சனை மார்ஃபி எளிதாக வென்றார்.

இந்தக் கதையில் மார்ஃபியின் கப்பலைப் பற்றியே அனைவரும் எழுதுகிறார்கள். எனக்கு ஆண்டர்சனின் பயணமே முக்கியமாகப் படுகிறது. அவர் பிரெஸ்லாவ் நகரில் கணித ஆசிரியர். மார்ஃபியுடன் ஆடுவதற்குப் பள்ளியின் கிறிஸ்துமஸ் விடுமுறைவரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1851இல், உலகின் முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டி லண்டனில் நடந்தபோதும் அவருக்கு இதே தயக்கம். பயணச் செலவு அவருடைய வருவாய்க்கு மிகுதி. போட்டியில் வெல்லாவிட்டால் வழிச்செலவைத் தாமே தருவதாக ஸ்டான்டன் உறுதியளித்த பிறகே ஆண்டர்சன் புறப்பட்டார். போட்டியை வென்றவரும் அவரே. அந்த உறுதிமொழி இல்லையெனில் முதல் பன்னாட்டுப் போட்டியின் வெற்றியாளராக நாம் இன்று வேறொரு பெயரைப் படித்துக்கொண்டிருப்போம். ‘நினைத்தவுடன் புறப்படுதல்’ என்பது மனத்தின் இயல்பு மட்டுமன்று. விடுப்பும் பணமும் அமைந்தவர்களுக்கே வாய்க்கும் ஒன்று.

அந்த 1851ஆம் ஆண்டுப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து ஒன்று பயணம் செய்தது: பணம். கல்கத்தா சதுரங்கக் கழகம் போட்டி நிதிக்கு 100 பவுண்டு அனுப்பியது. கழகத்தின் முன்னணியில் இருந்த ஜான் காக்ரேன் தம் சொந்தப் பணத்திலிருந்தும் பெருந்தொகை அளித்தார். ஸ்காட்லாந்துக்காரரான காக்ரேன் கல்கத்தாவில் பாரிஸ்டர். அக்காலத்தின் வலிமையான ஆட்டக்காரர்களுள் ஒருவர். அவருக்கு ஈடுகொடுத்து ஆடக்கூடிய ஒருவர் அப்போது கல்கத்தாவிலேயே இருந்தார். அவர் லண்டன் போகவில்லை.

அவர் மகேஷ்சந்திர பந்தோபாத்யாய். ஆங்கில ஏடுகளில் ‘மொகேஷ்சந்தர் பானர்ஜி’ என்று பலவாறு சிதைந்து காணப்படும் பெயர். கல்கத்தாவுக்கு வெளியே, அன்றைய ஆட்சியாளர்கள் ‘முஃபசல்’ என்று குறித்த நாட்டுப்புறப் பகுதியில், இதுவரை தோற்றதேயில்லை என்று பெயரெடுத்த பிராமணர் ஒருவர் இருப்பதாகக் கழக உறுப்பினர் ஒருவர் வந்து சொல்ல, காக்ரேன் அவரைத் தேடிச் சென்று ஆடி வென்று, கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார். 1850இல் லண்டன் சதுரங்க இதழில் அச்சான கல்கத்தாக் கடிதம் தரும் செய்தியின் சாரம் இதுதான். அதன்பின் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றைக் குறித்து வைத்தவர் காக்ரேன்.

அந்த ஆட்டங்களே இன்று நமக்கு எஞ்சியிருக்கும் மகேஷ்சந்திரர். நம் நாட்டு மரபில் சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டம்தான் செல்லும். இரண்டு கட்டம் பாயாது. நம் ராஜா கோட்டைக்குள் ஒதுங்கும் முறையும் ஐரோப்பிய ‘கேஸ்லிங்’ போன்றதன்று. இந்த மரபில் பழகிய கை, நடுப்பலகையை உடனே பிடிக்க விரையாது. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, பின்னால் மந்திரியை மூலைவிட்டத்தில் நிறுத்தி, எதிரியை முன்னே வரவிட்டுத் தாக்கும். ஐரோப்பியர்களுக்கு இது விந்தையாகப் பட்டது. இன்று உலகெங்கும் ‘கிங்ஸ் இந்தியன்’, ‘நிம்சோ இந்தியன்’ என்றெல்லாம் வழங்கும் ‘இந்தியன்’ என்ற அடைமொழியின் வேர் இந்த ஆட்டங்களில்தான் என்பது சதுரங்க அறிஞர்களின் கருத்து. 1922இல் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் ஆடி, அவர் பெயராலேயே வழங்கும் தற்காப்பு முறையை 1855லேயே காக்ரேனுக்கு எதிராக ஆடிக்காட்டியவர் மகேஷ்சந்திரர். முறைக்கு நிலைத்த பெயரோ வியன்னாக்காரருடையது.

அடுத்த பயணம் இன்னும் நெடியது. பஞ்சாபின் மிட்டா திவானா ஊரைச் சேர்ந்த சுல்தான் கான், தந்தையிடம் நாட்டுச் சதுரங்கம் கற்றவர். பெருநிலக்கிழாரும் ஆங்கில அரசின் நெருக்கத்துக்குரியவருமான சர் உமர் ஹயாத் கான் திவானா அவரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டு ஐரோப்பிய விதிகளைப் பயிற்றுவித்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் வென்றார். 1929 வசந்தத்தில் சர் உமருடன் லண்டன் சேர்ந்தார். ஆட்சி தொடர்பான பணிகள் சர் உமரை அங்கே இட்டுச்சென்றன. சர் உமர் தம் ஆட்டக்காரரை இட்டுச்சென்றார்.

தொடக்கத்தில் லண்டனில் அவர் தடுமாறினார். ஐரோப்பியத் தொடக்க ஆட்டங்கள் அவருக்குப் பழக்கமில்லை. வில்லியம் வின்டர், ஃபிரெட் யேட்ஸ் ஆகியோர் உதவினார்கள். அதே ஆண்டு கோடையில் ராம்ஸ்கேட்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியை அவர் வென்றுவிட்டார். பின் 1932, 1933 என மேலும் இருமுறை. 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காப்பபிளாங்காவைத் தோற்கடித்தார். 1931 பிராக் ஒலிம்பியாடில் பிரிட்டனின் முதல் பலகையில் அமர்ந்து ரூபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் வென்றார். உலகச் சாம்பியன் அலெகினுடன் சமன் செய்தார். 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்ற ஃபாத்திமாவும் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்தவரே. ஆண்டவனுக்கு அடிமைகொண்டவனின் இரு குடிகள் ஒரே ஆண்டில் அந்நாட்டின் இரு பட்டங்களையும் கொண்டுபோனார்கள் என்று இதை ஒருவர் கிண்டலாகச் சொல்லலாம்.

1933 டிசம்பரில் சர் உமர் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935இல் காடில்கருடன் ஆடிய ஒரு தொடரில் பத்து ஆட்டங்களில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தார். அவருடைய பெரும் ஆட்டங்களின் வரிசை அத்தோடு முடிகிறது. 1966இல் இறக்கும்வரை பஞ்சாபில் நிலம் பார்த்து வாழ்ந்தார். உலகின் முதல் பத்துப்பேருள் ஒருவராக மதிப்பிடத்தக்கவரின் பன்னாட்டு ஆட்ட வாழ்வு ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு.

இதை எப்படி எழுதுவது என்பதே என் சிக்கல். ஐரோப்பிய நூல்கள் பல, எழுதப்படிக்கத் தெரியாத வேலைக்காரன் மாமேதைகளை வென்ற அதிசயமாக இதைச் சொல்கின்றன. சர் உமரின் வீட்டு விருந்தில் உலகத்தரமான அந்த ஆட்டக்காரரே தங்களுக்கு உணவு பரிமாற நின்றார் என்று அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் பிற்காலத்தில் எழுதினார். சுல்தான் கானின் வழித்தோன்றல்கள் இச்சித்திரத்தை மறுக்கின்றனர். அவர் நிலமுள்ள மதிப்பான குடும்பத்தவர், எழுதப்படிக்கத் தெரிந்தவர், எவருக்கும் ஏவலர் அல்லர் என்பது அவர்கள் வாதம். நாடு திரும்பியபோது சிறையிலிருந்து விடுபட்டவரைப் போல அவர் மகிழ்ந்தார் என்று ஃபாத்திமா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். குளிரும் தொண்டை நோயும் மலேரியாவும் அவரை அங்கே விடாது வருத்தியதை அனைவரும் ஏற்கின்றனர்.

நம் இலக்கணம் இங்கே ஒரு கருவி தருகிறது. ஓடினான் என்பது தன்வினை. ஓட்டினான் என்பது பிறவினை. சென்றான், செலுத்தினான், வந்தான், வருவித்தான். மகேஷ்சந்திரர் கல்கத்தாவுக்கு வந்தாரா, வருவிக்கப்பட்டாரா? சுல்தான் கான் லண்டன் சென்றாரா, செலுத்தப்பட்டாரா? காக்ரேனுக்கும் சர் உமருக்கும் தோன்றியது. மற்ற இருவரும் புறப்பட்டார்கள். ஆகவே, ‘ஒரு மேதையின் துணிகரப் பயணம்’ என்று தன்வினையில் எழுதுவது அதிகாரத்தை மறைக்கும் எழுத்து.

ஆனால் முற்றிலும் பிறவினையில் எழுதுவதும் பிழையே. அப்படி எழுதினால் அவர்கள் வெறும் காய்களாகிவிடுவார்கள். ஹேஸ்டிங்ஸில் காப்பபிளாங்காவின் ராணியை மெல்ல மெல்ல மூச்சுமுட்ட வைத்த நகர்வுகளை எந்தப் புரவலரும் ஏவவில்லை. காக்ரேனின் எதிரே அமர்ந்து, ஐரோப்பா இன்னும் காணாத ஒரு தற்காப்பைத் தேர்ந்தவர் மகேஷ்சந்திரர் மட்டுமே. பயணம் பிறவினையாக இருந்திருக்கலாம், ஆட்டம் தன்வினை. குடியேற்ற ஆட்சியில் கலைஞர், விளையாட்டு வீரர், மொழிபெயர்ப்பாளர், முன்ஷி என எவருடைய இடப்பெயர்வை எழுதினாலும் இவ்விரு வினைகளையும் ஒரே வாக்கியத்தில் ஏந்தும் உரைநடை நமக்கு வேண்டும்.

2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு சுல்தான் கானுக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கப்பலேறியவர் பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இறந்து 58 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பட்டத்துக்கும் அவரைக் கேட்கவேண்டிய தேவை எழவில்லை.

எங்கள் விடுதி மாணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, திரும்பும் வழியில் சாப்பாட்டுக்குப் பணம் போதவில்லை, அடுத்த முறை சேர்த்துவைத்துக்கொண்டு போகவேண்டும் என்றார். தோற்றுத் திரும்பும் உரிமையும், மறுபடி போகலாம் என்று தானே முடிவுசெய்யும் உரிமையும் அவரிடம் இருக்கின்றன. மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியனாக இருந்தவரிடம் இரண்டாவது இருக்கவில்லை.