வீட்டில் காணொளி தொகுக்கும் மென்பொருள்: புதிய பதிப்புக்கு மாறலாமா?

காணொளி தொகுக்கும் மென்பொருளைத் திறந்ததுமே ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும்: "புதிய பதிப்பு தயார்."

அழுத்தலாமா, வேண்டாமா?

சிலர் யோசிக்காமல் அழுத்திவிடுவார்கள். வேறு சிலர், "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?" என்று ஆண்டுக்கணக்கில் அந்தப் பெட்டியை மூடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டிலுமே நட்டம் வரலாம். பணம் மட்டுமல்ல. பாதியில் நிற்கும் அக்காவின் திருமணத் தொகுப்பு, தாத்தா பேசிய பழைய பதிவு எல்லாம் அந்த ஒரு பொத்தானில் சிக்கிக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

முதலில், பிரச்சினை மென்பொருளில்தானா?

"காணொளி திக்கித் திக்கி ஓடுது, அதான் புதுசு வாங்கப் போறேன்." இந்தக் காரணத்தை அடிக்கடி கேட்கலாம். பெரும்பாலும் இது தவறான காரணம்.

கைப்பேசி காணொளியை எப்படிப் பதிவு செய்கிறது என்று பாருங்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐஃபோன்கள் எச்இவிசி எனப்படும் எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. பழைய எச்.264 முறையைவிடக் கோப்பின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆனால் அவ்வளவு இறுக்கமாகச் சுருட்டியதை மறுபடியும் விரிக்க, கணினி அதிகம் உழைக்க வேண்டும். போதாததற்கு, 4கே காணொளியில் 1080பி காணொளியைப் போல் நான்கு மடங்கு படப்புள்ளிகள் இருக்கின்றன. எச்.265 முறையை விரிக்கத் தனி வசதி இல்லாத பழைய மடிக்கணினி திணறத்தான் செய்யும். அதில் புதிய பதிப்பைப் போட்டால் இன்னும் திணறலாம், ஏனென்றால் புதிய பதிப்புகள் வழக்கமாகக் கணினியிடம் இன்னும் அதிகம் கேட்கும்.

இதற்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது: பிராக்சி. உங்கள் காணொளிகளுக்கு எடை குறைந்த நகல்களை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் நகலை வைத்து வெட்டி ஒட்டலாம். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது அசல் கோப்பு பயன்படுத்தப்படும், தரம் குறையாது. டாவின்சி ரிசால்வ், பிரிமியர் புரோ, ஃபைனல் கட் புரோ மூன்றிலும் இந்த வசதி உண்டு. ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் உண்டு.

இனி எடுக்கப்போகும் காணொளிகளுக்கு, ஐஃபோனின் கேமரா அமைப்பில் எச்.264 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். 4கே காணொளியை வினாடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தில் அப்போது எடுக்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் பகிரப்போகும் பிறந்தநாள் காணொளிக்கு அது தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் எப்படியும் அதைச் சுருக்கித்தான் அனுப்பும்.

பிராக்சி போட்டும் திணறுகிறதா? ரேம் 8 ஜிபிதான் இருக்கிறதா? அப்போ மென்பொருளுக்குப் பணம் கட்டுவதற்கு முன், சிம் லிம் ஸ்குவேரிலோ கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலோ ரேம், எஸ்எஸ்டி என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில மடிக்கணினிகளில் ரேமை மாற்ற முடியாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது மாறுவது நியாயம்?

புதிய கேமரா வாங்கியிருக்கிறீர்கள், அதன் கோப்பு பழைய மென்பொருளில் திறக்கவில்லை. அல்லது ஒலி மட்டும் கேட்கிறது, படம் வரவில்லை. இது உண்மையான காரணம். இயங்குதளம் மாறியதால் பழைய பதிப்பு ஓடவில்லை என்பதும் அப்படித்தான்.

இலவசப் பதிப்பிலிருந்து கட்டணப் பதிப்புக்கு மாறுவது வேறு கணக்கு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே வினாடிக்கு 60 படங்கள் வரை, 3840-க்கு 2160 அளவில் ஏற்றுமதி செய்யலாம். 295 அமெரிக்க வெள்ளிக்கு விற்கப்பட்டுவரும் ஸ்டுடியோ பதிப்பில் படத்தின் இரைச்சலைக் குறைக்கும் வசதி, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லாம் கூடுதலாகக் கிடைக்கும். இரவு நேரத்தில், மங்கலான வெளிச்சத்தில் நிறைய எடுப்பவர்களுக்கு அந்த இரைச்சல் குறைப்பு ரொம்ப உதவும். வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுப் போடுவது மட்டும்தான் என்றால் இலவசப் பதிப்பே தாராளம்.

தமிழ் எழுத்து சரியாக வருமா?

மென்பொருள் விளம்பரங்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நமக்கோ இதுதான் முக்கியம்.

தமிழில் தலைப்பு போட்டிருப்பீர்கள். "கொண்டாட்டம்" என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், "க" ஒரு பக்கம், கால் எங்கேயோ என்று சிதறி நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பத்து எழுத்துருக்களைப் பதிவிறக்கம் செய்வோம். கோளாறு பெரும்பாலும் எழுத்துருவில் இல்லை. தமிழ் உயிர்மெய்க் குறிகளை உரிய இடத்தில் வரிசைப்படுத்தும் வேலையை அந்த மென்பொருளின் எழுத்துப் பொறி செய்யவில்லை என்பதே காரணம்.

பிரிமியர் புரோவில் இதற்குப் புதிய பதிப்புகூட தேவைப்படாமல் போகலாம். விருப்பத் தேர்வுகளில் எழுத்து அமைப்பை, தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான முறைக்கு மாற்றிப் பாருங்கள். மற்ற மென்பொருள்களில், பணம் கட்டுவதற்கு முன் சோதனைப் பதிப்பில் நான்கு சொற்களைத் தட்டிப் பாருங்கள்: கொலு, பௌர்ணமி, ஸ்ரீ, பூங்கோதை. நான்கும் சரியாக வந்தால் நல்லது. ஒன்று உடைந்தாலும் அந்த மென்பொருளில் தமிழ் வசனவரி போடுவது தலைவலி.

தானியங்கி வசனவரிக்காக மட்டும் கட்டணப் பதிப்புக்கு மாற நினைக்கிறீர்களா? மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும், உங்கள் வீட்டுப் பேச்சை வைத்தே சோதியுங்கள். "மாமா, பஸ் லேட், நீங்க முதல்ல மக்கான் பண்ணுங்க" என்பதை அது எப்படி எழுதுகிறது என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

போட்டிருக்கும் விலையும் கட்டும் விலையும்

ஒருமுறை வாங்கினால் உங்களுடையது என்ற காலம் மெல்ல மறைகிறது. தன் கிரியேட்டிவ் சூட் தொகுப்புக்கு இனிப் புதிய பதிப்புகள் வராது, சந்தா மட்டுமே என்று அடோபி 2013இல் அறிவித்தது. வீட்டுப் பயனீட்டாளர்களுக்கான பிரிமியர் எலிமெண்ட்ஸ் மட்டும் ஒருமுறைக் கட்டணத்தில் கிடைத்துவந்தது. 2025 பதிப்பிலிருந்து அதுவும் மூன்றாண்டு உரிமமாகிவிட்டது. பழைய நினைப்பில் வாங்கிவிட வேண்டாம்.

மாதம் 20 வெள்ளி என்று ஒரு சந்தா இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 வெள்ளி. நீங்கள் தொகுப்பது தீபாவளிக்கு ஒன்று, பயணம் போய் வந்தபின் ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்றால், ஒரு காணொளிக்கு 80 வெள்ளி ஆகிறது! வாரந்தோறும் காணொளி வெளியிடுபவருக்கு அதே சந்தா காணொளிக்கு 5 வெள்ளிகூட வராது. ஆகவே, உங்கள் நண்பர் வாங்கிவிட்டார் என்பது உங்களுக்கு எந்த விதத்திலும் பதில் ஆகாது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்குச் சிங்கப்பூரில் 2020 முதல் பொருள், சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. மலேசியாவில் மின்னிலக்கச் சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு.

"மாதக் கட்டணம்" என்ற சொல்லை நம்பி மட்டும் அழுத்தாதீர்கள். சில திட்டங்கள் உண்மையில் ஓராண்டு ஒப்பந்தம், பணம் மட்டும் மாதாமாதம் கழியும். இடையில் விலகினால் அபராதம். அடோபியின் அத்தகைய திட்டத்தில், முன்கூட்டியே விலகும் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 ஜூனில் வழக்குத் தொடுக்கப்பட வழிசெய்தது. கைப்பேசிச் செயலி என்றால் இன்னொரு பொறி: செயலியை அழித்தாலும் சந்தா தொடரும். ஆப்பிள் அல்லது கூகல் கணக்கில் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

மாணவரா? உங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கலாம். முதலில் அங்கே கேளுங்கள்.

"கிராக்" செய்த பதிப்பைப் பற்றி ஒரே வரி: கடவுச்சொல்லைத் திருடும் நச்சுநிரல் பலமுறை அந்த வழியாகத்தான் நுழைகிறது.

பழைய தொகுப்பு திறக்குமா?

தொகுப்புக் கோப்புக்குள் காணொளி இருக்காது. "இந்தக் கோப்பில் 12ஆவது வினாடியில் வெட்டு, இங்கே இந்தப் பாட்டைப் போடு" என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். சமையல் குறிப்பு மாதிரி. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் இல்லையென்றால் அது வெறும் தாள்.

பிரிமியர் புரோவிலும் ரிசால்விலும் பழைய தொகுப்பைப் புதிய பதிப்பில் திறந்தால் அது புதிய வடிவத்துக்கு மாறும். பிறகு பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாது. இது ஒருவழிப் பாதை. சில நேரம் முன்னோக்கிப் போகவும் வழி இருக்காது. 2011இல் ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸை வெளியிட்டபோது, ஃபைனல் கட் புரோ 7இல் செய்த தொகுப்புகளை அதில் திறக்க முடியவில்லை. தொழில்முறைத் தொகுப்பாளர்கள் பலர் கொதித்துப் போனார்கள். விண்டோஸ் மூவி மேக்கருக்கான ஆதரவு 2017 ஜனவரியில் நின்றது. பள்ளிக் காலத்தில் அதில் செய்த தொகுப்பு ஏதாவது பழைய வட்டில் கிடக்கிறதா?

அதனால் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன், முடிந்த காணொளிகளை எல்லாம் உயர்ந்த தரத்தில் ஏற்றுமதி செய்து வெளிவட்டில் போடுங்கள். தொகுப்புக் கோப்பு, அசல் காணொளி, பாட்டு, எழுத்துரு நான்கையும் ஒரே கோப்புறையில் நகல் எடுங்கள். ரிசால்வ் பயன்படுத்துபவர்கள் அதன் தரவுத்தளத்தையும் தனியாகக் காப்புநகல் எடுக்க வேண்டும். தொகுப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. கைப்பேசிச் செயலி என்றால் இன்னும் கவனம் தேவை. பல செயலிகளில் அரைகுறைத் தொகுப்புகள் அந்தக் கைப்பேசியில் மட்டுமே இருக்கும், செயலியை அழித்தால் அவையும் போய்விடும்.

ஒரு வேலை பாதியில் இருக்கும்போது மாறவே மாறாதீர்கள். அடுத்த வாரம் திருமண விருந்தில் போட வேண்டிய காணொளி என்றால், விருந்து முடியட்டும். பெரிய பதிப்பு வந்த சில வாரங்களில் பிழைகளைச் சரிசெய்யும் சின்னப் புதுப்பிப்பு பெரும்பாலும் வரும். அதுவரை காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மாறிய பிறகு பிடிக்கவில்லையென்றால்? பழைய ரிசால்வ் பதிப்புகளை பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் இன்னும் பதிவிறக்கம் செய்யலாம். அடோபி சந்தாதாரர்களுக்குப் பொதுவாக இப்போதைய பதிப்பும் அதற்கு முந்தைய பெரிய பதிப்பும் மட்டுமே கிடைக்கும். திரும்பிப் போய்த் திறக்க, மாற்றப்படாத அந்தப் பழைய நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.