ஆடி முதல் ஐப்பசி வரை: கடற்கரை மேடைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

முத்துநகர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் துறைமுகமும் உப்பளமும்தான் நினைவுக்கு வரும். நம் சீமை நாடகத்துக்கும் தாய்வீடு என்பதை நம்மவர்களே பல நேரம் மறந்துவிடுகிறோம். ‘தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்’ என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்தது தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24-ஆம் வயதில் மேடை ஏறினார். அவருடைய சனீஸ்வரன் வேடத்தைக் கண்டு அஞ்சிய ஒரு கர்ப்பிணிக்கு நேர்ந்த துயரத்தால் நடிப்பையே விட்டுவிட்டு, எழுதுவதிலும் கற்பிப்பதிலும் இறங்கினார் என்று சொல்வார்கள். 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் எழுதியவற்றில் பல இன்று கிடைப்பதில்லை. கிடைத்தவற்றிலும் பல, நடித்த பிள்ளைகளின் மனப்பாடத்தால் பிழைத்தவை.

கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. எத்தனை சிப்பி, எவ்வளவு வருமானம் என்பதற்கெல்லாம் அரசாங்கக் கணக்கு இருக்கிறது. ஆனால் துடுப்புப் போடும்போதும் வலை இழுக்கும்போதும் நம் மீனவர்கள் பாடிய அம்பாப் பாட்டை முன்னின்று எடுத்துக்கொடுத்தவர் யார் என்று தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. இயந்திரப் படகு வந்தது, பாட்டு அடங்கியது.

இதையெல்லாம் வகுப்பில் கேட்ட சூட்டோடுதான், கல்லூரி நாட்களில் நாங்கள் மூன்று பேர் ஒரு பருவம் முழுக்கப் படம் எடுப்பது என்று கிளம்பினோம். எங்கள் பக்கத்துப் பருவம் ஆடியில் தொடங்கும். அம்மன் கொடைகளில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகாட்டம். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. செப்டம்பர் 14-ல் மணப்பாட்டில் திருச்சிலுவைப் பெருவிழா. புரட்டாசி, ஐப்பசியில் குலசேகரன்பட்டினம் தசரா. முடிவில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். சாதி, சமயம் பார்க்காமல் கூட்டம் கூடும் நாட்கள் இவை.

கேமரா இரவல். பிலிம் ரோல் ஒண்ணுக்கு முப்பத்தாறு படம்தான். டியூப் லைட் வெளிச்சத்தில் கை நடுங்காமல் முப்பதில் ஒரு விநாடி பிடித்து நிற்க வேண்டும். பிளாஷ் போடலாமே என்றால், அதற்கும் நேரம் காலம் உண்டு. ஒரு கொடையில் வில்லுப்பாட்டு அண்ணாவி குடத்தடிக்காரரை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, வரத்துப் பாடுத நேரம். வெளிச்சம் அடிக்காதீங்க. சாமியாடி முகத்த அப்புறமா எடுத்துக்கிடலாம்.” அன்று முதல் கேட்டுவிட்டுத்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

குலசையில் வேறொரு பாடம். அங்கே முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளி, குறத்தி, ராஜா, போலீஸ்காரர் என்று வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வந்து கோயிலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசூரன் உருமாறி உருமாறி வருவான். காளி வேடக்காரர் ஒருவரிடம், “அண்ணாச்சி, ஒரு படம்” என்றேன். “கிரீடம் வச்சாச்சுல்லா? இப்ப அண்ணாச்சி இல்லடே, அம்மா” என்றார். படமும் எடுக்கவிட்டார்.

எங்களில் ஒருவன் கேமராவைத் தொடவே இல்லை. அவன் கையில் நாற்பது பக்க நோட்டு. ரோல் எண், பட எண், நாள், ஊர், என்ன வேடம், ஆளுடைய பெயர், தொழில், என்ன நேர்ச்சை என்று எழுதிக்கொண்டே வருவான். நாங்கள் அவனை ‘கணக்கப்பிள்ளை’ என்று கேலி செய்வோம்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். அவருடைய அப்பா உப்பளத் தொழிலாளி, தசராவுக்குக் காளி வேடம் போடுகிறவர், காலமாகிவிட்டார். வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டைப் படம் மட்டும். எங்களிடம் காளி படங்கள் பதினொன்று இருந்தன. நாக்கு, கோரைப்பல், முகமெல்லாம் வண்ணம். மகளாலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை. நோட்டைப் புரட்டினோம். நாலாவது ரோல், இருபத்திரண்டாவது படம்: பெயர், ஊர், ‘மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்கு நேர்ச்சை’. அந்த மகள்தான் வந்திருந்தவர். படத்தைவிட அந்த ஒரு வரியைத்தான் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைய மாணவச் செல்வங்கள் ஒரே இரவில் செல்போனில் ஆயிரம் படம் எடுக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் முகத்தை மறைப்பதுதானே வேடம்! உள்ளே இருப்பவர் யார் என்று படம் சொல்லாது, நாம்தான் கேட்டு எழுத வேண்டும். பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் ஊர் உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் நெகட்டிவ்கள் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டியில் கிடக்கும் கல்லூரி நாடகப் படங்களை வெளியே எடுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரை எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். ராஜபார்ட் பெயரோடு நிறுத்திவிடாமல், ஆர்மோனியம் வாசித்தவர், திரை இழுத்தவர் பெயரையும் எழுதுங்கள். அவர்களை நினைவில் வைத்திருக்கும் நாம் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.