கடல் மீட்புப் பயிற்சி: தீயணைப்புத் துறையை யார் கேள்வி கேட்பது?

அமெரிக்காவின் ஹவாய் மாகாணத்தில் உள்ள கவாய் தீவில், கடற்கரை உயிர்காப்பாளர்களும் தீயணைப்புத் துறையின் கீழ்தான் வருகிறார்கள். குளிர்காலத்தில் ஹனலெய் பக்கம் அலைகள் ஆளுயரத்துக்கு மேல் எழும். அதில் ஜெட் ஸ்கீயை ஓட்டி ஆளை மீட்க, விடாத பயிற்சி வேணும்.

பயிற்சி ஒழுங்கா நடக்குதா என்று பார்ப்பது யார்?

மேயர் நியமித்து, கவுன்சில் ஒப்புதல் தரும் 7 பேர் கொண்ட தீயணைப்பு ஆணையம்.

என்ன செய்யும்?

துறையின் செயல்பாட்டையும் பட்ஜெட்டையும் ஆராயும். மக்கள் புகார்களைக் கேட்கும். துறைத் தலைவரின் பணியை ஆண்டுதோறும் மதிப்பிடும்.

என்ன செய்ய முடியாது?

அன்றாட நிர்வாகத்தில் தலையிட முடியாது. 'பயிற்சியை இப்படி நடத்து' என்று உத்தரவு போட முடியாது; பரிந்துரை மட்டும்தான்.

பரிந்துரையைக் கண்டுக்காம விட்டால்?

தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் இதே ஆணையம்தான். அதன் பிடி அங்கேதான் இருக்கு.