சூரை மீனில் தொடங்கிய அளவீடு

1954 மார்ச் 14 அன்று ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு என்ற சூரை மீன்பிடிப் படகு ஜப்பானின் யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியது. அதிலிருந்த 23 பேருக்கும் தோல் கருகியிருந்தது. மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஹைட்ரஜன் குண்டு, பவளப்பாறையைப் பொடியாக்கி அவர்கள் தலையில் மணிக்கணக்கில் கொட்டியது. வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா ஐகிச்சி செப்டம்பரில் உயிரிழந்தார்.

படகின் மீன் அதற்குள் சந்தைக்குப் போய்விட்டது. பதறிய அரசு, துறைமுகங்களில் கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியோடு ஆட்களை நிறுத்தியது. மீனுக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளிக் கருவியைப் பிடிப்பார்கள்; நிமிடத்துக்கு 100 துடிப்பைத் தாண்டினால் அந்த மீன் விற்பனைக்கு இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் 850-க்கும் மேற்பட்ட படகுகளின் மீன் குப்பைக்குப் போனது.

கடல் பெரியது, நஞ்சு கரைந்துபோகும் என்றது அமெரிக்க அணுசக்தி ஆணையம். மீனை உண்டு வாழும் நாட்டுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. மே மாதம் ஷுன்கோத்சு மாரு என்ற கப்பல் விஞ்ஞானிகளோடு பிகினி நோக்கிப் புறப்பட்டது. கதிரியக்கம் கரைந்துபோகாமல் நீரோட்டத்தோடு மேற்கே நகர்வதை அவர்கள் கண்டார்கள். மிதவை உயிரிகளில் அது திரண்டிருந்தது. மீன்களிலோ தசையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும் கூடுதலாக இருந்தது. மறு ஆண்டு அமெரிக்கா அனுப்பிய கப்பலும் இதையே உறுதிசெய்தது.

அடுத்த சிக்கல் நுட்பமானது. குண்டுகள் விட்டுச்சென்ற கதிரியக்கப் பொருளான சீசியம்-137 கடல்நீரில் இருப்பது மிகமிகச் சொற்பம். பல லிட்டர் நீரில் அமிலம் சேர்த்து, அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட் என்ற மஞ்சள் பொடியைக் கலக்கினால் சீசியம் அதில் ஒட்டிக்கொள்ளும். பொடி அடியில் படிந்ததும் வடித்து, உலர்த்தி, அதிலிருந்து வரும் கதிர்வீச்சை எண்ணுவார்கள். இந்த வேலையில் தேர்ந்தவர் மியாகே யசுவோவின் ஆய்வகத்தில் பணியாற்றிய சருஹாஷி கத்சுகோ. ஜப்பானியர் சொன்ன அளவுகள் அமெரிக்கர் சொன்னவற்றைவிடக் கூடுதலாக இருந்ததால் அமெரிக்காவில் சிலர் நம்பவில்லை. 1962-இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்துக்கே சருஹாஷி சென்று, அங்கிருந்த விஞ்ஞானி தியடோர் ஃபோல்சமின் முறையோடு தன் முறையை ஒப்பிட்டுக் காட்டினார். முடிவுகள் ஒத்துப்போயின. ஒரு பெண்ணின் பொறுமையான சோதனைக்கூட உழைப்பு, வல்லரசின் ஐயத்தைத் தீர்த்துவைத்தது. மறு ஆண்டு வளிமண்டலத்திலும் நீருக்கடியிலும் அணுகுண்டு வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அன்று தொடங்கிய பதிவுகள் 2011-இல் ஃபுகுஷிமா அணு உலைகள் உருகியபோது கைகொடுத்தன. விபத்துக்கு முன் பசிபிக்கில் கன மீட்டருக்கு ஒன்றிரண்டு பெக்கரெல் சீசியம்-137 இருந்தது. அது பெரும்பாலும் பழைய குண்டுகளின் மிச்சம். உலையருகே ஏப்ரலில் அது 6 கோடியைத் தாண்டியது. தொலைதூரக் கடலில் புதியதைப் பழையதிலிருந்து பிரித்தறிய சீசியம்-134 உதவியது. அதன் அரை ஆயுள் இரண்டே ஆண்டு; பழையது எப்போதோ சிதைந்து போயிருக்கும் என்பதால், அப்போது பசிபிக்கில் அது தென்பட்டால் ஃபுகுஷிமாவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடிந்தது.