கட்டளையும் அதை நிறைவேற்றுவோரும்: தொடக்கநிலை நிரலாக்கக் கற்பித்தல் குறித்து

கணினிக்குக் கட்டளை எழுதக் கற்பிக்கும் முதல் வகுப்புகளில் பரவலாகக் காணப்படும் பயிற்சி ஒன்று உண்டு. தேநீர் போடும் முறையை மாணவர்கள் படிப்படியாக எழுத வேண்டும். ஆசிரியர் அதை எழுத்துப் பிசகாமல் செய்து காட்டுவார். ‘பாலை ஊற்று’ என்றிருந்தால் வெட்டாத பாக்கெட்டை அப்படியே கவிழ்ப்பார். வகுப்பு சிரிக்கும். ‘இன்னும் விரிவாக எழுதுங்கள்’ என்ற அறிவுரையோடு பாடம் முடியும். அந்த அறிவுரை பிழையானது என்பதே என் வாதம்.

விரிவுக்கு எல்லை எது? பாக்கெட்டை வெட்டச் சொன்னால் கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்று கேட்கலாம். அதைச் சொன்னால் கையை எப்படி நீட்டுவது என்று கேட்கலாம். ஆசிரியர் எதை அறியாதவராக நடிக்கிறார் என்பது அந்தந்தக் கணத்தில் அவர் எடுக்கும் முடிவு. கணினியோ அறியாமையை நடிப்பதில்லை. அதற்கென்று வரையறுத்த சில செயல்கள் உண்டு. அவற்றைத் தவறாமல் செய்யும், அவற்றுக்கு அப்பால் எதுவும் செய்யாது. ஆகவே ஒரு கட்டளை தெளிவானதா என்பதை அதன் நீளம் தீர்மானிப்பதில்லை. நிறைவேற்றுவோரின் செயற்பட்டியலே தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியலைக் காட்டாமல் தெளிவாக எழுதச் சொல்வது மாணவருக்கு இழைக்கும் அநீதி.

ராய் பீ 1986 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. தொடக்கநிலையாளர்கள் எந்த நிரல்மொழியில் எழுதினாலும் செய்யும் பிழைகளை அவர் வகைப்படுத்தினார். அவற்றுக்கெல்லாம் வேராக அவர் கண்டது ஒரே நம்பிக்கையை: எழுதுபவரின் நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் மனம் ஒன்று கணினிக்குள் மறைந்திருக்கிறது என்பது. ஐபிஎம் ஆய்வாளர் லான்ஸ் மில்லர் 1981 இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு பொருந்துகிறது. நிரலாக்கம் அறியாதவர்கள் அன்றாட ஆங்கிலத்தில் எழுதிய செயல்முறைகளை அவர் ஆராய்ந்தார். நிபந்தனை பொருந்தினால் செய்ய வேண்டியதை அவர்கள் எழுதினார்கள். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மனிதருக்குச் சொல்லும்போது அந்த விடுபாடு குறையல்ல, கேட்பவர் நிரப்பிக்கொள்வார்.

எண்களின் பட்டியலில் பெரியதைக் கண்டுபிடிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ‘எல்லாவற்றையும் பார்த்துப் பெரியதை எடு’ என்று மாணவர் எழுதுவார். அதில் சோம்பல் இல்லை. அவர் கண்ணும் மூளையும் உண்மையிலேயே அப்படித்தான் செய்கின்றன. ஒரு நேரத்தில் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடவும், ஓர் எண்ணை ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளவும் மட்டுமே முடியும் என்று சொல்லிப் பாருங்கள். அதன்பின்தான் ‘இதுவரை கண்டதில் பெரியது’ என்றொரு மாறியின் தேவை அவருக்குப் பிடிபடும். அந்த மாறிக்குத் தொடக்கத்தில் 0 என்ற மதிப்பைத் தருவது பலரும் செய்வது. ஒவ்வொரு படியும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் உறைபனிக்காலத்தில் லடாக்கின் திராஸ் ஊரில் பதிவான வெப்பநிலைகளைக் கொடுத்து, அவை எல்லாம் உறைநிலைக்குக் கீழே இருந்தால், பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வரும். பட்டியலின் முதல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இப்பிழையை எந்த விரிவும் தடுத்திருக்காது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறியில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்தால் அது தானே வெளிப்படும்.

1967 இல் சேமூர் பேப்பர்ட், வாலி ஃபொய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ மொழியின் பெருமையை நான் இங்கேதான் காண்கிறேன். அதில் ‘ஆமை’ எனப்படும் சிறு உரு கட்டளைப்படி முன்னே நகரும், திரும்பும், கோடு வரையும். சமபக்க முக்கோணம் வரைய முனையும் குழந்தை உட்கோணத்தை நினைத்து ஒவ்வொரு முனையிலும் 60 பாகை திருப்பினால், அறுங்கோணத்தின் பாதிதான் வரும். ஆமையின் இடத்தில் தானே நின்று நடந்து பார்த்தால், திரும்ப வேண்டியது 120 பாகை என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். செயற்பட்டியல் முழுதும் கைக்குள் இருப்பதால் பிழையைத் தேட வேண்டிய இடமும் சிறியது.

எழுதுவதற்கு முன் நிறைவேற்றிப் பார்க்கக் கற்க வேண்டும் என்ற முடிவுக்கு வேறு சான்றும் உண்டு. 2001 இல் மைக்கேல் மெக்ராக்கன் குழு நான்கு பல்கலைக்கழகங்களின் மாணவர்களைச் சோதித்தபோது, முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்தவர்களில் மிகப் பலரால் எளிய நிரலையும் எழுத முடியவில்லை. சிக்கலைப் பகுத்துத் தீர்க்கும் திறன் போதவில்லை என்றே பலர் விளக்கினர். 2004 இல் ரேமண்ட் லிஸ்டர் குழு ஏழு நாடுகளில் ஆராய்ந்தது: கண்முன் இருக்கும் சிறு நிரலை வரிவரியாகப் பின்தொடர்வதிலேயே பலர் தடுமாறினர். அஸ்திவாரம் அங்கே ஆட்டம் கண்டிருந்தது.

தாய்மொழிச் சொற்களில் நிரல் எழுத உதவும் எழில் போன்ற முயற்சிகளை நான் மனமார வரவேற்கிறேன். அந்நிய எழுத்தின் அச்சத்தை அவை நீக்குகின்றன. ஆனால் பழகிய சொல் பழகிய பொருளையும் கூட்டிவரும் என்பதால், மறைந்த மனம் பற்றிய நம்பிக்கையை அவை தாமாகவே நீக்கிவிடா. தமிழ்நாட்டில் 2018 இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் அந்த நம்பிக்கையைக் களைய உதவும் வகையில் பாராட்டத்தக்கது. உழவர் ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் ஆகியவற்றுடன் ஆற்றைக் கடக்கும் புதிரைக் கொண்டு, ஒவ்வொரு படியும் நிலையை எப்படி மாற்றுகிறது என்று அது பார்க்க வைக்கிறது.

பின்தொடரும் பயிற்சி படைக்கும் ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று ஆட்சேபிக்கலாம். படைப்பதன் வழியே கற்பதை வலியுறுத்திய பேப்பர்ட்டின் ஆதரவாளர்கள் நிச்சயம் ஆட்சேபிப்பார்கள். முழுப் பருவமும் பிறர் நிரலைத் தடம்பிடிக்க வைத்தால் அது உண்மையே. நான் கேட்பது குறுகிய சுழற்சி: மூன்று வரி நிரலைக் கையால் நிறைவேற்றட்டும், அதில் ஒரு வரியை மாற்றி விளைவை முன்கூட்டிச் சொல்லட்டும், பிறகு கணினியில் ஓட்டி, சொன்னதும் வந்ததும் வேறுபடும் இடத்தை அவரே கண்டு திருத்தட்டும்.