ஆறடித் தூரம்

2020 செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் வழிபாட்டிடங்கள் எல்லாவற்றையும் இரவு எட்டு மணிவரை திறக்கலாம் என்று அரசு அனுமதித்த நாள். மார்ச் கடைசி வாரத்தில் பூட்டிய கதவுகள் ஐந்து மாதம் கழித்துத் திறந்தன. அடுத்து வந்த முதல் ஞாயிறு, செப்டம்பர் 6. பெருந்தொற்றுக் காலத்துத் திருச்சபை வரலாற்றை நாளை எழுதப்போகிறவர்கள் இந்தத் தேதிகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். தேதிகள் தேவைதான், நானும் தருகிறேன். ஆனால் கோயிலுக்குத் திரும்பியவர் யார், எங்கே நிறுத்தப்பட்டார் என்று கேட்டால் ஒரே தேதி எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

அந்த நாட்களில் நம் காதில் அதிகம் விழுந்த சொல் ‘சமூக இடைவெளி’. அந்தச் சொல்லில் சாதியின் வாடை அடிக்கிறது என்று சிலர் சொன்ன பிறகு ‘தனிமனித இடைவெளி’ என்று மாற்றினார்கள். பேச்சு வழக்கில் மக்கள் சொன்னது ‘ஆறடி தூரம்’. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் ‘தூரம்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. மாதவிலக்கான மூன்று நாளுக்கும் அதுதான் பெயர். ஆக, தள்ளி நில் என்ற கட்டளை நமக்குப் புதிதல்ல. அதைக் கிருமியின் பெயரால் கேட்டதுதான் புதிது.

செஞ்சி இன்று புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது. கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1597இல், இயேசு சபைக் குரு நிக்கோலாவ் பிமெண்டா இங்கே வந்தார்; இந்தியாவில் தான் கண்ட பெரிய நகரங்களில் ஒன்று என்று வியந்து எழுதினார். 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கோட்டைக்கு வரும் மாணவிகளுக்கு நாம் பீரங்கியையும் களஞ்சியத்தையும் காட்டுகிறோம். கிழக்கே புதுச்சேரியில் அதே நூற்றாண்டில் தீட்டையும் எச்சிலையும் பற்றி நடந்த பெரிய வழக்கைப் பற்றிச் சொல்வதில்லை.

1703இல் போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரியில் இறங்கிய தூர்னோன் என்பவர் 1704 ஜூனில் ஓர் ஆணை எழுதினார். இயேசு சபையார் இங்குள்ள சாதி வழக்கங்களுக்கு வளைந்து கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அக்காலத் திருமுழுக்குச் சடங்கில் குரு தன் எச்சிலைத் தொட்டு வைக்கும் ஒரு பகுதி உண்டு. நம் மக்கள் அதை அருவருத்ததால் குருக்கள் விட்டுவிட்டிருந்தார்கள். விடக்கூடாது என்றது ஆணை. நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் குடிசைக்குள் குருக்கள் போய்த் திருவருட்சாதனம் தர வேண்டும் என்றது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் நன்மை வாங்குவதிலிருந்தும் தள்ளி வைக்கக்கூடாது என்றது. பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடவும் தடை விதித்தது.

இந்த ஆணையை விடுதலைப் பத்திரமாகக் கொண்டாட எனக்கு மனமில்லை. எழுதியவர்கள் ஆண்கள், மொழி இலத்தீன், எந்தப் பெண்ணையும் கேட்டு எழுதியதல்ல. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. ‘தூரமான’ பெண் கோயிலுக்குள் வரலாமா என்ற கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து, வரலாம் என்று எழுத்தில் பதிலும் வந்துவிட்டது. அதன் பிறகும், அந்த நாட்களில் நன்மை வாங்க எழுந்து போகத் தயங்கி இருக்கையிலேயே இருந்துவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆணை ஏட்டில் நின்றது, தயக்கம் உடம்பில் நின்றது.

தூர்னோன் ஆணையின் மீது நாற்பது ஆண்டு வழக்காடினார்கள். 1744 செப்டம்பரில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதிசெய்தார். அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், புதுச்சேரி சம்பா கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கோயிலின் வடபுறத்தில் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் பறையர், இந்தப் பக்கம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவரின் தூண்டுதலால் பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டு மூத்த குருவிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. பிள்ளை நிறுத்தவில்லை. அதே பகுதியில், தலைமைத் துபாஷி கனகராய முதலியார் குடும்பத்துப் பெண் ஒருத்தி மெல்லிய துணி உடுத்தி, நகை போட்டு, வாசனை பூசிக் கோயிலுக்கு வந்ததையும் எழுதுகிறார். பூசை வைத்துக்கொண்டிருந்த குரு மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லார் முன்னாலும் அவளைத் தாசியோ என்று கேட்டு ஏசி, எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார். சாதிச் சுவர் விழுந்த கோயிலில் பெண்ணுடலைச் சுற்றிய சுவர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. சாதி ஆணவத்தை அடக்க வேண்டும் என்றபோதும் கைக்கு எளிதாகக் கிடைத்தது அந்தச் சாதியின் பெண் உடம்புதான். விழுந்த சுவரும் முழுக்க விழுந்துவிடவில்லை. செஞ்சிக்குத் தெற்கே எறையூரில், 2008 மார்ச்சில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடிய நாட்களில் மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்து இரண்டு உயிர்கள் போயின.

இந்தப் பின்னணியோடு 2020க்கு வருவோம். ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டிடங்களுக்கான நெறிமுறையை வெளியிட்டது. ஆறடி இடைவெளி, முகக்கவசம், கை கழுவுதல். சொரூபங்களைத் தொடக்கூடாது. தீர்த்தம் தெளிக்கக்கூடாது. பாடகர் குழு கூடாது, பதிவு செய்த பாடலைப் போடலாம். இவை எல்லாவற்றுக்கும் மருத்துவக் காரணம் இருந்தது. மூடிய கூடத்தில் பலர் சேர்ந்து உரக்கப் பாடினால் தொற்று பரவும் என்பதை அதற்குள் உலகம் கண்டிருந்தது. தடையில் எனக்குக் குறை இல்லை. அதன் விலை யார் தலையில் விழுந்தது என்பதே என் கேள்வி.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்கும்படி நெறிமுறை அறிவுறுத்தியது. குழந்தை வீட்டில் இருந்தால் அம்மாவும் வீட்டில். மாமியாருக்கு 65 தாண்டிவிட்டால் அவருக்குத் துணையாக மருமகளும் வீட்டில். வார நாள் காலைப் பூசைக்குத் தவறாமல் வருகிறவர்கள் யார் என்று எந்தப் பங்கிலும் எட்டிப் பார்த்தால் தெரியும்: வயதான பெண்கள், விதவைகள். கோயில் அவர்களுக்கு வழிபாட்டிடம் மட்டுமல்ல. வீட்டு வேலை கேட்காத முக்கால் மணி நேரம் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம். திறப்பு நாள் அவர்களுக்கு வரவேயில்லை. மாதா தொலைக்காட்சியில் திருப்பலி பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்கள், அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே. கைபேசியில் பார்க்கலாம் என்றால், வீட்டில் இருந்த ஒரு கைபேசி பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது.

இன்னொரு விசித்திரம். செப்டம்பருக்கு முன்பே, ஜூலை 1 முதல், ஊராட்சிப் பகுதிகளில் ஆண்டு வருமானம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான சிறு வழிபாட்டிடங்களைத் திறக்க மாநில அரசு அனுமதித்தது. செஞ்சி பேரூராட்சி, அதனால் ஊருக்குள் அனுமதி இல்லை. சுற்றுக் கிராமங்களில், காலனிகளில் இருக்கும் ஓட்டுக்கூரைச் சிற்றாலயங்களுக்கு இருந்தது. ஏழ்மையே தகுதியான அபூர்வ சந்தர்ப்பம். குரு வராத ஞாயிறுகளில் அங்கே செபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, நோயாளிகளுக்காக மன்றாட்டு எழுப்பியது பெரும்பாலும் பெண்கள். வீடுகளிலும் அப்படித்தான். 2020 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு, வழிபாட்டை நடத்தியது பெரும்பாலான வீடுகளில் அம்மாவோ பாட்டியோ. கோயில் திறந்ததும் அந்தப் பொறுப்பு எந்தப் பேச்சும் இல்லாமல் பீடத்துக்குத் திரும்பிவிட்டது. 2021 ஜனவரி 10 தேதியிட்ட ஆணையில் போப் பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி அளிக்கலாம் என்று திருச்சபைச் சட்டத்தை மாற்றினார். காலங்காலமாகச் செய்துவரும் வேலைக்குக் கிடைத்த ரசீது அது. அதுகூட நம் பங்குகளில் எத்தனை பலிபீடங்களை எட்டியது?

பாதுகாப்பான வழிபாடு என்றார்கள். அந்தப் பாதுகாப்பைக் கையால் செய்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் பக்கப் பங்குகளில் சனிக்கிழமை கோயிலைக் கூட்டிக் கழுவுவது அன்பியத்துப் பெண்களின் முறை. தொற்றுக் காலத்தில் அந்த வேலை இரட்டிப்பானது. ஒவ்வொரு பூசைக்குப் பிறகும் இருக்கைகளைத் துடைத்தார்கள், தரையில் ஒட்டிய குறிகள் பிய்ந்தால் திரும்ப ஒட்டினார்கள், வாசலில் கிருமிநாசினி பாட்டிலோடு நின்றார்கள், துணிக் கவசம் தைத்துக் கொடுத்தார்கள். கோயிலில் முக்காடு போட்டுக்கொள்வதற்கே பழகிய முந்தானை, கவசம் இல்லாதபோது மூக்குக்கும் வாய்க்கும் இறங்கியது. 1918இன் விஷக்காய்ச்சலில் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட கை யாருடையது என்பதும், மிச்சம் இருந்த கஞ்சி யாருக்குக் கடைசியில் போனது என்பதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

நன்மை வாங்கும் முறையிலும் ஒரு மாற்றம் வந்தது. கையில் வாங்கலாம் என்று 1969இலேயே ரோமாபுரி வழி திறந்திருந்தாலும், நம் ஊர்களில் பழைய தலைமுறைக்கு நாவில் வாங்குவதுதான் பக்தி. இப்போது எச்சில் ஆபத்தானது. எல்லாரும் கையை நீட்டுங்கள் என்றார்கள். எச்சிலை விடக்கூடாது என்ற 1704இன் புதுச்சேரியிலிருந்து எவ்வளவு தூரம்! கை நீட்டத் தயங்கியவர்களில் பாட்டிகளே அதிகம். ‘தூரமான’ நாட்களில் துளசிச் செடியையும் ஊறுகாய் ஜாடியையும் தொடக்கூடாது என்று கேட்டு வளர்ந்த கை அது. சாணி அள்ளிய, நாற்று நட்ட அந்தக் கையின் மேல் நற்கருணை வந்து உட்கார்ந்தது. இறையியல் நூல்கள் செய்யாத ஒன்றைச் சுகாதாரச் சுற்றறிக்கை செய்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் மறுபடி மூடினார்கள். ஜூலை 5 அன்று திறந்தார்கள். ஆகஸ்டில் இன்னொரு விதி வந்தது: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கூட்டம் சேரும் நாட்கள் என்பதால் சரியான கணக்குதான். ஆனால் வெள்ளிக்கிழமை மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிறவளும் ஞாயிறு பூசைக்குப் போகிறவளும் ஒரே பேருந்தில் களை எடுக்கப் போகும் பெண்கள். வார நாளில் கோயில் திறந்திருந்தால் அவர்களுக்கு என்ன பயன்? கூலி போகும். அக்டோபர் நடுவில்தான் அந்தத் தடை நீங்கியது. 2022 ஜனவரியில் அதே மூன்று நாள் தடை திரும்பி வந்து, மாதக் கடைசியில் போனது.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்ற அனுமதி 2016 ஜனவரியில்தான் வந்தது. நான்கு பெரிய வியாழன்கள் போயின. ஐந்தாவது வியாழனுக்கு, 2020இல், தொற்றைக் காரணம் காட்டிச் சடங்கையே விட்டுவிடும்படி வத்திக்கான் அறிவித்தது. சடங்கு திரும்பிய பிறகு, நாற்காலியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் பங்கில் எண்ணிப் பாருங்கள். எண்ணி எழுதி வையுங்கள், ஆண்டையும் சேர்த்து. தரையில் ஒட்டிய குறிகள் இப்போது தேய்ந்துவிட்டன, தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. சனிக்கிழமைக் கழுவலுக்கான முறைப் பட்டியல் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதில் இருப்பவை எல்லாம் பெண்களின் பெயர்கள்.